அன்னை நாள்தோறும் கேட்ட கேள்வி

முதுமையுற்ற பெற்றோரைப் பேணுதல் மக்களது கடன் என்பதை நம்மவருக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. பாலர் வகுப்புத் தொடக்கம் மேல்வகுப்பு வரை அதனைக் கற்கின்றோம். எம்மைப் போன்ற ஆசிரியர்கள் ஆண்டுதோறும் அதனைக் கற்பித்தும் வருகின்றோம். ஆனால், அக்கடனைச் செய்யப் புறப்படுபவன் எத்தகைய மனத்தோடு புறப்படுகின்றான் என்பதைப் பற்றி எப்பாடநூலும் பேசுவதில்லை. நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்த புண் ஆறுமுன்னரே இக்கடமையும் வந்து தோளில் ஏறினால் அவன் என் செய்வான்? அவ்வினா எம்மை வந்தடைந்த கதையையே இங்கு சொல்லப் புகுகின்றோம். சொந்தக் கதையைப் பத்திரிகையில் எழுதுவது எமக்கு வழக்கமன்று. எனினும், பிள்ளைகள் ஓரிடத்திலும் பெற்றோர் வேறோரிடத்திலுமாகத் தமிழ்க் குடும்பங்கள் பல சிதறி வாழும் இந்நாளிலே, எமக்கு நேர்ந்தது நாளை மற்றொருவருக்கும் நேரக்கூடும் என்றெண்ணியே எழுதத் துணிந்தோம்.

எமது பெற்றோர் வலிகாமத்திலே, சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில் வாழ்பவர்கள். தந்தையார் ஓய்வு பெற்ற தபாலதிபர். பிள்ளைகள் மூவர். தமக்கையார் மணம் முடித்துக் கனடாவுக்குச் சென்று ரொறன்ரோ நகரிலே குடியேறிவிட்டார். நாம் பட்டம் பெற்று, ஆசிரிய நியமனமும் பெற்று, கொழும்பிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டோம். இளையவனாகிய தம்பி ஒருவனே ஊரில் இருந்தான். கூட்டுறவுச் சங்கக் கடையொன்றிலே அவனுக்கு வேலை. 2019ஆம் ஆண்டிலே தந்தையாரைப் பாரிசவாதம் தாக்கி அவரது வலப்புறத்தைச் செயலற்றதாக்கியது. அடுத்த ஆண்டிலே அன்னையாரிடம் மறதி தலைகாட்டிற்று. முதலில் அடுப்பில் வைத்த சட்டியை மறந்தார். பின்னர் அயலவரின் பெயர்களை மறந்தார். தம்பி இருவரையும் பார்த்துக்கொண்டான். கல்யாணப் பேச்சு எழும்போதெல்லாம், "அப்பா எழும்பி நடக்கட்டும், பிறகு பாப்பம்" என்று தட்டிக்கழித்து வந்தான். அவன் இருக்கின்றான் என்ற துணிவிலே நாம் கொழும்பில் நிம்மதியாக உறங்கினோம்.

2023ஆம் ஆண்டு தை மாதத்திலே, ஒரு நாட் காலை, கிணற்றடியில் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மாரடைப்பு. அவனுக்கு அப்பொழுது முப்பத்தெட்டு வயது. நாம் இரவுப் பேருந்திலே நானூறு கிலோமீற்றர் கடந்து வந்து சேர்ந்தபோது வீடு நிறையச் சனம். அன்னையார் தம் மகனின் உடலுக்கருகே இருத்தப்பட்டிருந்தார். எம்மைக் கண்டதும் கையைப் பிடித்துத் தாழ்ந்த குரலிலே, "தம்பி, ஆற்றை செத்த வீடு இது?" என்று கேட்டார். தந்தையாரோ எல்லாவற்றையும் அறிந்தவராய், ஒன்றும் சொல்லமாட்டாதவராய்ச் சாய்மனைக் கதிரையிலே கிடந்தார். அவரால் இயலாமையால், மூத்தவனாகிய நாமே இளையவனுக்குக் கடன் செய்யும் முறைமாறிய நிலை வந்தது. முப்பத்தோராம் நாள் கீரிமலையிலே அந்தியேட்டிக் கிரியைகளை முடித்துக்கொண்டு கொழும்பு திரும்பினோம்.

பெற்றோரை யார் பார்ப்பது என்ற பேச்சு அப்பொழுதே தொடங்கிவிட்டது. சிறிய தாயார் ஒருவர் இரண்டு மாதத்துக்குப் பொறுப்பேற்றார். தமக்கையார் தொலைபேசியிலே அழுதார். செலவு முழுவதையும் தாம் தருவதாகவும், கைதடியிலே முதியோர் இல்லம் இருப்பதால் அங்கு விசாரித்துப் பார்க்கலாம் எனவும் கூறினார். அத்தகைய இல்லங்களை நாடுவோரைக் குறைகூற எமக்கு மனமில்லை. பல்லாயிரம் மைலுக்கப்பால் இருந்துகொண்டு பெற்றோரை நினைத்து உறங்காதிருப்பதும் ஒரு துன்பமே. இது எம் ஒரு வீட்டுக் கதையுமன்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் அறுபது வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 6.6 பேர், 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே அத்தொகை 12.4 ஆயிற்று. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று புறக்கணித்தலாகாது என விதிக்கின்றது. சட்டம் அவ்வளவே சொல்லும். பேணச் செல்பவனை யார் பேணுவது என்பது சட்டத்துக்குரிய வினாவன்று.

மகள் அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். ஆகவே, மனைவியும் மகளும் பரீட்சை முடியும்வரை கொழும்பிலே தங்குவதென்றும், நாம் சம்பளமற்ற விடுமுறை பெற்று முன்னதாகச் செல்வதென்றும் முடிவாயிற்று. இடமாற்ற விண்ணப்பம், கடிதங்கள், கையொப்பங்கள் ஆகியவற்றை விரித்துரைப்பின் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். சித்திரை மாதத்தில் ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்திறங்கினோம்.

வந்த அன்றே சிறிய தாயார் ஒரு கொப்பியை எம் கையில் தந்தார். தம்பி எழுதி வைத்தது. பெற்றோருக்கு எந்த மருந்து, எந்நேரம், எத்தனை; இரத்த அழுத்தம் எவ்வளவு; தந்தையார் எவ்வளவு கஞ்சி குடித்தார்; அன்னையார் எத்தனை மணிக்கு உறங்கினார் என்றெல்லாம் ஒரு நாளும் தவறாமல் எழுதியிருந்தான். பாடசாலைக் காலத்திலே அவனது கையெழுத்துக்காக நாமே அவனைப் பலமுறை கண்டித்ததுண்டு. அதே கோணற் கையெழுத்து, அவன் இறப்பதற்கு முதல் நாள் இரவு ஒன்பது மணியோடு நின்றிருந்தது. அதன் கீழே அடுத்த வரியை நாம் எழுத வேண்டியிருந்தது. அன்று எழுத முடியவில்லை. மறுநாட் காலையிலேயே எழுதினோம்.

பாரிசவாத நோயாளரைப் பராமரிப்பது அன்பினால் மாத்திரம் ஆகக்கூடியதன்று. அதற்கு முறை தெரிய வேண்டும். படுக்கையிலே கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டாவிடின் படுக்கைப்புண் வரும். செயலற்ற கையைப் பற்றி இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். உணவை நிமிர்த்தி இருத்தியே ஊட்டுதல் வேண்டும். ஊட்டிய பின்னரும் அரை மணி நேரம் படுக்கவிடலாகாது. இல்லையேல் உணவோ நீரோ புரைக்கேறிச் சுவாசப்பையிற் சென்று நியூமோனியாவை விளைவிக்கும். இவற்றையெல்லாம் அயலிலே வாழும் ஓய்வு பெற்ற தாதி அம்மையார் ஒருவர் எமக்குச் சொல்லித் தந்தார். நாற்பது வயதைக் கடந்த பின், மீண்டும் ஒரு மாணவனாக அவர் முன்னிலையில் நின்றோம். ஒரு தடவை சொன்னால் விளங்காத மாணவன் எத்தகையவன் என்பதும் எமக்கு அப்பொழுது விளங்கிற்று. அன்னையாரின் பொருட்டுக் கிணற்றுக்குக் கம்பிவலை மூடி ஒன்றைச் செய்வித்தோம். படலைக்குப் பூட்டும் போட்டோம்.

தந்தையாருக்கு எஞ்சியிருந்தது ஒரே சொல். "சரி" என்பதே அச்சொல். பசிக்கும் "சரி", நோவுக்கும் "சரி", வேண்டாம் என்பதற்கும் "சரி". மொழிக்குரிய இடம் பெரும்பாலாருக்கு மூளையின் இடப்பாதியிலே உள்ளது. அப்பாதியே உடலின் வலப்புறத்தையும் ஆள்கின்றது. ஆதலினால் வலப்புறம் வீழ்ந்தோர் பலருக்குப் பேச்சும் வீழ்கின்றது. 1861ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்து வைத்தியராகிய போல் புரோக்கா என்பவர், பல்லாண்டுகளாக "டான்" என்னும் ஓரொலியையன்றிப் பெரும்பாலும் வேறெதனையும் பேசமாட்டாதிருந்த ஒருவரைக் கண்டார். அந்நோயாளி இறந்தபின் மூளையை ஆராய்ந்து, இடப்புறத்து முற்பகுதி பழுதுற்றிருப்பதை எடுத்துக்காட்டினார். அம்மனிதர் பிறர் சொல்வதைப் பெரும்பாலும் விளங்கிக்கொண்டிருந்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. எம் தந்தையாரும் அவ்வாறே. வாய் அடைபட்டதேயன்றி மனம் அடைபடவில்லை.

இதனை நாம் அறிந்துகொண்டது தம்பியின் துவிச்சக்கரவண்டியினால். அது விறாந்தைச் சுவரோரமாக நின்றது. சந்தைக்கும் மருந்துக்கடைக்கும் சென்றுவர வேறு வாகனம் இல்லாமையால் மூன்றாம் நாள் அதனையே எடுத்துச் சென்றோம். அதன் சங்கிலி மூடி தகரத்தாலானது. உருளும்போது கலகலவென்று ஒலிக்கும். திரும்பிவந்து படலையைத் திறந்து வண்டியை உருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, உள்ளே சாய்மனைக் கதிரையிற் கிடந்த தந்தையார் தலையைத் தூக்கி வாயிலை நோக்கினார். அந்த முகத்திலே ஒரு கணம் தோன்றியதையும், எம்மைக் கண்டதும் அது மறைந்ததையும் எழுதும் ஆற்றல் எமக்கில்லை. மறுநாள் வண்டியை மாட்டுக்கொட்டிலுக்குள் மறைத்துவிட்டு நடந்தே சந்தைக்குப் போனோம். அதற்கடுத்த நாளும் நடந்து போகப் புறப்பட்டபோது தந்தையார் இடக்கையால் எம்மைத் தடுத்து, கொட்டிற் பக்கத்தைக் காட்டி, "சரி, சரி, சரி" என்று அதட்டுவார் போலக் கூறினார். அவர் சொல்ல வந்தது இன்னதென்பது எமக்கு விளங்கச் சிறிது நேரம் சென்றது. வண்டியை எடுத்தோம். அதன் பின்னர், நாம் எத்தனை மணிக்கு வந்தாலும் அவர் அந்த ஒலிக்காகக் காத்திருப்பார்.

நிற்க. இனி, அன்னையாரின் கேள்விக்கு வருவோம்.

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரத்திலேதான் அது வரும். மறதி நோயாளருக்கு மாலை வேளையிலே மனக்குழப்பம் மிகுதல் பொதுவான இயல்பு என்பர். அன்னையார் எழுந்து படலைக்கும் விறாந்தைக்கும் நடக்கத் தொடங்குவார். "சின்னவன் வந்திட்டானோ? பொழுதுபட்டுப் போச்சே!" என்பார்.

முதல் நாள் நாம் உண்மையைக் கூறினோம். கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சின்னவன் செத்துப்போனானம்மா" என்றோம். அப்பொழுதுதான் கேட்பவரைப் போன்று அலறினார். அயலவர் ஓடிவந்தனர். கால் மணி நேரத்தின் பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "சின்னவன் வந்திட்டானோ?" என்று கேட்டார். அன்று மாலை மூன்று முறை உண்மையைச் சொன்னோம். மூன்று முறையும் அவர் தம் மகனைப் புதிதாக இழந்தார். எமக்கும் அன்று தம்பி மூன்று முறை இறந்தான்.

1901ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே பிராங்பேர்ட் நகர வைத்தியசாலையொன்றில் ஐம்பத்தொரு வயது மாது ஒருவர் சேர்க்கப்பட்டார். அவரைப் பரிசோதித்தவர் அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர். 1906ஆம் ஆண்டிலே அம்மாது இறந்தபின் அவரது மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, தாம் கண்டவற்றை அவ்வாண்டிலேயே தூபிங்கன் நகரிற் கூடிய வைத்தியர் அவையிலே கூறினார். அந்நோய்க்கு 1910 முதல் அவர் பெயரே வழங்குகின்றது. எம் அன்னையாருக்கும் அதுவே என்று வைத்தியர் கூறினர். மூளையின் உட்புறத்திலே கடற்குதிரையின் வடிவை ஒத்த ஒரு சிறு பகுதியுண்டு. இன்று கண்டதையும் கேட்டதையும் நாளைக்கென்று பதித்து வைப்பது அதன் தொழில். நோய் ஆரம்பத்திலேயே அதனைத் தாக்குகின்றது. ஆதலின் நேற்றைய செய்தி பதிவதில்லை. பல்லாண்டுகளுக்கு முன் பதிந்தவையோ நெடுநாள் நிலைத்து நிற்கின்றன. தம்பியின் மரணம் அன்னையாரின் நெஞ்சிலே ஒருபோதும் பதியப்போவதில்லை. தம்பியோ அழியாமல் இருந்தான்.

ஆகவே, இரண்டாம் வாரந் தொடக்கம் பொய் சொன்னோம். "கடைக்குப் போட்டான் அம்மா, வருவான்" என்போம். அவரும் அமைதியுறுவார். திருக்குறளின் வாய்மை அதிகாரத்தைப் பல்லாண்டு வகுப்பிலே கற்பித்த எமக்கு அது நெஞ்சை அறுத்தது. அதனினும் பெரியதொரு தொல்லை இருந்தது. பகல் முழுவதும் வேலை. மாலையிலே தம்பி உயிரோடிருப்பதாக நடிப்பு. இரவிலே இரண்டு மணிக்கொரு முறை தந்தையாரைப் புரட்டுதல். தம்பிக்காக அழுவதற்கு எமக்கு நேரமும் இருக்கவில்லை, இடமும் இருக்கவில்லை. கொழும்பிலே இருந்தபோதாவது கடற்கரைக்குச் சென்று தனியே நின்றோம். இங்கே அவன் வாழ்ந்த வீட்டிலே, அவன் படுத்த கட்டிலிலே படுத்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லித் துக்கப்பட முடியாதவராய் இருந்தோம்.

ஒரு நாள் மாலை தாதி அம்மையார் வந்திருந்தபோது அக்கேள்வி எழுந்தது. நாமும் வழமைபோலப் பொய்யைச் சொன்னோம். அன்னையார் அப்பாற் சென்றதும் அம்மையார் சொன்னார்: "அவ கேக்கிறது செய்தியை இல்லைத் தம்பி, ஆளைக் கேக்கிறா."

அச்சொல்லை இரவு முழுதும் நினைத்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மாலை, "சின்னவன் வந்திட்டானோ?" என்று அவர் கேட்டபோது நாம் உண்மையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. "இதிலை இருங்கோ அம்மா. சின்னவனைப் பற்றி ஒரு கதை சொல்லுங்கோ" என்றோம். அன்னையார் சற்று நேரம் எம்மை உற்றுப் பார்த்தார். பின்னர் விறாந்தைத் திண்ணையில் அமர்ந்து தொடங்கினார். ஓணானுக்குப் பயந்து மாமரத்திலிருந்து குதித்த கதை. கோயிற் திருவிழாவிலே தொலைந்துபோய்க் கச்சான்காரியின் மடியில் உறங்கிய கதை. நாள்தோறும் ஒரு கதை. சிலவேளை ஒரே கதை நான்கு நாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் இடப்பெயர்வுக் கதையைச் சொன்னார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்ததை எம் வயதினர் எவரும் மறவார். கொட்டும் மழை. இலட்சக்கணக்கான சனம். நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்கே பல மணி நேரம் சென்றது. அப்பொழுது எமக்குப் பதினைந்து வயது, தம்பிக்குப் பதினொன்று. தந்தையாரும் நாமும் மூட்டைகள் ஏற்றிய வண்டியை உருட்டிக்கொண்டு முன்னே சென்றோம். அன்னையாரும் தமக்கையாரும் தம்பியும் நெரிசலிலே பின்தங்கினர். தம்பி தன் கோழியைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்ததையே நாம் இத்தனை ஆண்டும் சொல்லிச் சிரித்து வந்தோம். அன்னையார் சொன்னதோ நாம் அறியாத கதை. வழியிலே குடிக்க நீரில்லை. சனங்கள் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்திக் குடித்தார்கள். தம்பியும் அவ்வாறு ஏந்தி, தாய்க்கும் தமக்கைக்கும் கொடுத்துவிட்டு, ஒரு போத்தலிலே கொஞ்சம் நிரப்பி வைத்துக்கொண்டானாம். "நீ குடியனடா எண்டன். இது அண்ணாவுக்கு எண்டான். அவன் குடிக்கேல்லை" என்றார் அன்னையார்.

அந்தப் போத்தல் எமக்கு நினைவிருந்தது. விடியும் வேளையிலே, சாவகச்சேரிப் பக்கத்தில் நாம் மீண்டும் ஒன்று சேர்ந்தபோது அவன் அதனை நீட்டினான். தாகத்தில் ஒரே மூச்சிற் குடித்தோம். அந்நீர் எங்கிருந்து வந்தது, அவன் குடித்தானா என்று கேட்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கேட்கவில்லை.

அன்றுதான் எம்மால் அழ முடிந்தது. அன்னையார் எம் தலையைத் தடவி, "என்னடா தம்பி, என்னத்துக்கு அழுறாய்?" என்றார். காரணத்தை நாம் சொல்லவில்லை. உள்ளே தந்தையாரும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்; "சரி" என்ற குரல் இரண்டு முறை வந்தது. யாரிடம் அவன் மரணத்தை மறைத்தோமோ, அவரிடமே அவனைப் பற்றிப் பேச முடிந்தது.

துயரத்தைப் பற்றி எழுதிய மேனாட்டார் நூல்களையும் பின்னர் சிறிது புரட்டினோம். எலிசபெத் கூப்ளர்-ரோஸ் என்னும் வைத்தியர் 1969இல் எழுதிய நூலிலுள்ள ஐந்து படிகளைப் பலர் மேற்கோள் காட்டுவர். அவர் அவற்றைக் கண்டது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளரிடத்தே என்பதையும், துக்கங் காப்போர் அப்படிகளில் வரிசையாக ஏறிச் செல்வதில்லை என்பதையும் அவர்கள் கூறுவதில்லை. 1999இலே நெதர்லாந்தின் உற்றெக்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபே, ஷூட் என்னும் இருவர் கூறியதே எம் அனுபவத்துக்கு அண்மையானது. துக்கமுற்றவர் மனம் ஒருபுறம் இழப்பை நோக்கியும் மறுபுறம் அன்றாட வாழ்வின் புதிய வேலைகளை நோக்கியும் ஊஞ்சல் போல ஆடும், இரண்டும் வேண்டும், ஒரு புறத்திலேயே நின்றுவிடின் தீங்காகும் என்பது அவர்தம் கருத்து. பெற்றோரைப் பேணச் சென்றவனுடைய ஊஞ்சல் பெரும்பாலும் வேலைப் புறத்திலேயே கட்டுண்டு நின்றுவிடுகின்றது. சுற்றத்தாரும் "வேலையிலே மறந்துவிடுவாய்" என்றே ஆறுதல் கூறுவர். எமக்குக் கூறப்பட்ட ஆறுதல்களுள் மிகப் பயனற்றது அதுவே. ஒரு நேர உணவை ஆக்கித் தந்து, தம்பியைப் பற்றித் தமக்குத் தெரிந்ததொன்றைச் சொல்லிச் சென்றவர்களை நாம் மறக்கவில்லை. கூட்டுறவுக் கடையிலே அவனோடு பணிபுரிந்த ஒருவர் ஞாயிறுதோறும் வந்து தந்தையாருக்குச் சவரம் செய்துவிட்டுப் போவார். அந்த ஒரு மணி நேரம் நாம் உறங்குவோம்.

ஆனி மாதத்திலே பரீட்சை முடிந்து மனைவியும் மகளும் வந்து சேர்ந்தனர். மனைவி தாம் பார்த்துவந்த வேலையை விட்டு வந்தவர். "மாமாவையும் மாமியையும் மருமகள் பார்க்கத்தானே வேண்டும்" என்று ஊரார் மிக எளிதாகக் கூறினர். மகன் செய்தால் தியாகம், மருமகள் செய்தால் கடமை என்று எண்ணும் இவ்வழக்கம் எமக்கு உவப்பானதன்று. வீட்டு வேலைகளை நேரசூசி போட்டு மூவரும் பகிர்ந்துகொண்டோம். எம் மாணவர் இதனைக் கேட்டால் நகைப்பர். கொப்பியிலே இப்பொழுது மூவர் கையெழுத்தும் உண்டு. மகள் கையெழுத்து அவள் சிறிய தகப்பனின் கையெழுத்தைப் போலவே கோணலாக இருக்கின்றது. அதனைத் திருத்துமாறு நாம் சொல்வதில்லை.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் தம்பியின் ஆட்டைத் திவசம் வந்தது. ஐயர் வந்து கிரியைகளைச் செய்தார். தந்தையாரைக் கதிரையோடு தூக்கி வந்து முன்னே இருத்தினோம். அன்னையார் மடைக்கு வைத்த வாழையிலையைப் பார்த்து, "ஆருக்கு?" என்றார். "சின்னவனுக்கு" என்றோம். அதிலே பொய் இருக்கவில்லை. "அவனுக்குக் கத்தரிக்காய்க் கறி விருப்பம், இன்னும் கொஞ்சம் வையுங்கோ" என்றார். தந்தையார் "சரி" என்றார். மனைவி இன்னும் ஓர் அகப்பை எடுத்து வைத்தார்.

அதன் பின் அன்னையாருக்கு ஒரு புதிய வழக்கம் வந்துவிட்டது. இராச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தட்டிலே சோறும் கறியும் போட்டு, இன்னொரு தட்டால் மூடி, குசினி மேசையிலே வைப்பார். "சின்னவன் பிந்தித்தான் வருவான்" என்பார். நாமும் ஆமெனத் தலையசைப்போம். அவர் உறங்கிய பின், பத்து மணியளவில் தந்தையாரைப் புரட்டிப் படுக்கவைத்து, கொப்பியில் அன்றைய கடைசி வரியையும் எழுதிவிட்டு, அந்தத் தட்டைத் திறந்து நாம் சாப்பிடுகின்றோம்.